எண்களைச் சாட்சியாக்கியவர்: ஐடா பி. வெல்ஸின் வாழ்வும் வன்கொடுமைப் புள்ளிவிவரங்களும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தன் ஆண்டறிக்கையை வெளியிடும் ஒவ்வொரு முறையும் ஒரே காட்சி அரங்கேறுகிறது. ஒரு மாநிலத்தை ஆளும் கட்சி, தன் எதிரணி ஆளும் மாநிலத்தில் பட்டியல் சாதியினர் மீதான குற்றங்கள் எத்தனை ஆயிரம் என்று எடுத்துக்காட்டுகிறது. எதிரணியோ, மொத்த எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், மக்கள்தொகை விகிதத்தைப் பாருங்கள் என்று பதில் சொல்கிறது. 2022ஆம் ஆண்டுக்கான அறிக்கையின்படி நாடு முழுவதும் இத்தகைய வழக்குகள் 57,582. இந்த எண்ணை வைத்துக்கொண்டு வடக்கு மோசமா, தெற்கு மோசமா, அந்த ஆட்சி மோசமா, இந்த ஆட்சி மோசமா என்று சில நாள்கள் வாதிடுகிறார்கள். பிறகு அடுத்த அறிக்கை வரும்வரை அமைதி.

வன்கொடுமை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களாகிய எங்களுக்கு இந்த விவாதம் எப்போதும் ஒரு சங்கடத்தைத் தருகிறது. அந்த அறிக்கையில் உள்ளவை நடந்த கொடுமைகளின் எண்ணிக்கை அல்ல. காவல் நிலையங்கள் பதிவு செய்ய ஒப்புக்கொண்ட கொடுமைகளின் எண்ணிக்கை. புகாரை வாங்கிக்கொண்டு மனு ரசீதோடு திருப்பி அனுப்பும் நிலையம், இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசி முடிக்கும் நிலையம், பாதிக்கப்பட்டவர் மீதே எதிர்வழக்குப் போட்டு மிரட்டும் நிலையம் ஆகிய மூன்றும் புள்ளிவிவரத்தில் அமைதியான பகுதிகளாகவே தோன்றும். அப்படியானால் எண்களையே தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது என்று கருதுகிறோம். அதற்கான விடையை, 130 ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு கட்சிச் சண்டையின் நடுவில் நின்று, எண்களை ஒடுக்கப்பட்டோரின் சாட்சியாக மாற்றிய ஒரு கறுப்பினப் பெண்ணின் வாழ்விலிருந்து பெறுகிறோம். அவர் ஐடா பி. வெல்ஸ்.

அடிமையாகப் பிறந்தவர்

ஐடா 1862 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஹோலி ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் பிறந்தார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. தந்தை ஜேம்ஸ் தச்சர். தாய் எலிசபெத் சமையல் பணியாளர். இருவரும் அடிமைகள், எனவே பிறந்த குழந்தையும் அடிமை. விடுதலைக்குப் பின் தந்தை அரசியலில் ஈடுபட்டார். ஊரில் கறுப்பினத்தவருக்கெனத் தொடங்கப்பட்ட கல்லூரிக்குத் துணைநின்றார். அங்கேதான் ஐடா படித்தார்.

1878இல் பரவிய மஞ்சள் காய்ச்சலில் பெற்றோரும் கைக்குழந்தையான தம்பியும் இறந்தனர். எஞ்சிய பிள்ளைகளை உறவினர்களும் நண்பர்களும் ஆளுக்கு ஒருவராகப் பிரித்துக்கொள்ள முடிவுசெய்தபோது, 16 வயது ஐடா அதை மறுத்தார். வயதைக் கூட்டிச் சொல்லி ஆசிரியப் பணியில் சேர்ந்து குடும்பத்தைத் தாங்கினார். சில ஆண்டுகளில் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்.

நீதிமன்றத்தை அவர் முதலில் சந்தித்தது ஒரு ரயில் பெட்டியின் பொருட்டு. பெண்களுக்கான பெட்டியில் பயணச்சீட்டோடு அமர்ந்திருந்த அவரை, நடத்துநரும் மற்றவர்களும் பலவந்தமாக வெளியேற்றினர். ஐடா வழக்குத் தொடுத்தார். 1884 டிசம்பரில் கீழ்நீதிமன்றம் 500 டாலர் இழப்பீடு வழங்கியது. 1887இல் டென்னசி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தலைகீழாக்கி, வழக்குச் செலவையும் அவர் தலையில் சுமத்தியது. கீழே வென்று மேலே தோற்கும் வழக்கின் வலியை நாங்கள் அறிவோம். ஐடா அத்தோல்வியிலிருந்து ஒரு பாடம் கற்றார்: நீதிமன்றத்தில் மட்டும் வாதாடினால் போதாது, ஊர் அறிய வாதாட வேண்டும்.

1889இல் மெம்ஃபிஸில் வெளிவந்த 'ஃபிரீ ஸ்பீச்' என்ற இதழின் பங்குதாரரும் ஆசிரியரும் ஆனார். கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகள் நடத்தப்படும் அவலத்தை அதில் எழுதியதால் 1891இல் ஆசிரியப் பணியை இழந்தார். அதன்பின் இதழியலே அவருடைய முழுநேர வாழ்வாயிற்று.

ஒரு மளிகைக் கடையும் மூன்று கொலைகளும்

ஐடாவின் நெருங்கிய நண்பர் தாமஸ் மோஸ், அஞ்சல்காரர். அவரும் வேறு சில கறுப்பின இளைஞர்களும் பங்குசேர்த்து, மெம்ஃபிஸின் புறநகர்ப் பகுதியில் மக்கள் மளிகை என்னும் பெயரில் ஒரு கடை நடத்தினர். அப்பகுதியில் அதுவரை தனிக்காட்டு ராஜாவாக இருந்தது ஒரு வெள்ளையரின் கடை. சிறுவர்களின் கோலிக்குண்டு விளையாட்டில் எழுந்த சச்சரவு பெரியவர்களின் சண்டையாயிற்று. ஓரிரவு ஆயுதங்களோடு கடைக்குள் நுழைந்தவர்கள் மீது, தாக்க வந்த கும்பல் என்று கருதிக் கடையைக் காத்தவர்கள் சுட்டனர். வந்தவர்கள் சாதாரண உடையிலிருந்த காவல் ஆட்கள்; மூவர் காயமடைந்தனர். கறுப்பினத்தவர் பலர் கைதாயினர். 1892 மார்ச் 9 அதிகாலை, சிறைக்குள் புகுந்த கும்பல் மோஸையும் அவருடைய இரு தோழர்களையும் இழுத்துச் சென்று, நகருக்கு வெளியே ரயில் பாதை அருகே சுட்டுக் கொன்றது. எவரும் தண்டிக்கப்படவில்லை. மக்கள் மளிகை சூறையாடப்பட்டது.

அதுவரை ஐடாவும் ஒரு கதையை ஓரளவு நம்பியிருந்தார். தெற்கு மாநிலங்களின் அரசியல்வாதிகளும் செய்தித்தாள்களும் நாள்தோறும் சொன்ன கதை அது: கறுப்பின ஆண்கள் வெள்ளைப் பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குகிறார்கள்; அதனால் கொதித்தெழும் மக்கள் சட்டத்தைக் கையில் எடுக்கிறார்கள்; கும்பல் கொலை என்பது குற்றத்தின் விளைவு. மோஸ் எந்தப் பெண்ணையும் தொடவில்லை. அவர் செய்த ஒரே குற்றம், ஒரு வெள்ளை வணிகரோடு போட்டியிட்டுக் கடை நடத்தியது. நண்பரின் பிணத்தின் முன் அந்தக் கதை உடைந்தது. இந்தக் கொலைக்குச் சொல்லப்படும் காரணம் பொய் என்றால், மற்ற கொலைகளுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் என்ன ஆயின? இந்தக் கேள்வியே அவருடைய எஞ்சிய வாழ்வைத் தீர்மானித்தது.

உயிருக்குப் பாதுகாப்பில்லாத ஊரை விட்டு வெளியேறுங்கள் என்று தன் இதழில் எழுதினார். ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் மேற்கே ஓக்லஹோமா நோக்கிச் சென்றனர். இருந்தவர்கள் டிராம் வண்டிகளில் ஏறுவதை நிறுத்தினர். வருவாய் சரிந்த டிராம் நிறுவனத்தின் அதிகாரிகள் இதழின் அலுவலகத்துக்கே வந்து, மக்களைச் சமாதானப்படுத்துமாறு கேட்டுக்கொண்டனர். மூன்று உயிர்கள் போனபோது வாய்திறக்காத நகரம், கல்லாப்பெட்டி காலியானபோது பேச வந்தது.

அதே ஆண்டு மே மாதம், பாலியல் வன்முறைக் கதையை நேரடியாக மறுத்து ஐடா ஒரு தலையங்கம் எழுதினார். கொல்லப்பட்ட பலரின் உண்மையான குற்றம், வெள்ளைப் பெண்கள் விரும்பி ஏற்ற உறவே என்பதை அது குறிப்பால் உணர்த்தியது. அவர் வெளியூரில் இருந்தபோது அலுவலகம் தகர்க்கப்பட்டது. திரும்பினால் கொல்வோம் என்ற மிரட்டல் வந்தது. சாதி கடந்த காதலை ஆதிக்கச் சாதியினர் ஆள்கடத்தல் என்றும் பாலியல் குற்றம் என்றும் வழக்காக்கும் தந்திரத்தை அறிந்த நமக்கு, அந்தத் தலையங்கம் ஏன் அவ்வளவு சினத்தைத் தூண்டியது என்பதை விளக்க வேண்டியதில்லை.

எதிரியின் ஏடுகளிலிருந்து எடுத்த எண்கள்

நியூயார்க்கில் அடைக்கலம் புகுந்த ஐடா, 1892இல் ஒரு சிறுநூலையும் 1895இல் 'சிவப்புப் பதிவேடு' என்று தமிழில் சொல்லத்தக்க விரிவான நூலையும் வெளியிட்டார். அவற்றில் அவர் கையாண்ட முறை எங்களைப் போன்ற வழக்கறிஞர்களுக்கு இன்றும் பாடம்.

வெள்ளையர் நடத்திய 'சிகாகோ ட்ரிப்யூன்' நாளேடு, 1882 முதல் ஆண்டுதோறும் கும்பல் கொலைகளின் பட்டியலை வெளியிட்டுவந்தது. ஐடா அதையே ஆதாரமாகக் கொண்டார். கறுப்பினத்தவர் திரட்டிய தகவல் என்றால் மிகை என்று தள்ளிவிடுவார்கள். எதிர்த்தரப்பின் ஆவணத்தையே சான்றாவணமாகக் குறியிட்டால் எவராலும் ஆட்சேபிக்க இயலாது. கொல்லப்பட்டவரின் பெயர், ஊர், நாள், சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு என்று ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினார். 1892ஆம் ஆண்டில் கும்பல்களால் கொல்லப்பட்டோர் 241 பேர். அவர்களில் 160 பேர் கறுப்பினத்தவர். அந்த 160 பேரில் பாலியல் வன்முறை புரிந்ததாகவோ அதற்கு முயன்றதாகவோ குற்றம் மட்டுமே சுமத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். மற்றவர்கள் மீது கொலை, தீவைப்பு, திருட்டு முதலிய குற்றச்சாட்டுகள். சிலர் மீது குற்றச்சாட்டே இல்லை. பாலியல் குற்றம்தான் காரணம் என்ற தெற்கின் வாதம், அதன் சொந்தச் செய்திகளாலேயே சரிந்தது.

அத்தோடு அவர் நிற்கவில்லை. குற்றச்சாட்டு வேறு, குற்றம் வேறு என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் வலியுறுத்தினார். விசாரணையே நடக்காதபோது, கொன்றவர்கள் சொன்ன காரணத்தைக் காரணம் என்று எப்படிப் பதிவது? புள்ளிவிவரத்தின் காரணம் என்ற கட்டத்தை நிரப்புபவர் யார் என்ற இக்கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. நம் ஊர்களில் நடக்கும் ஆணவக்கொலை தற்கொலையாகவும், சாதிய வன்முறை இரு தரப்பு மோதலாகவும், நிலத்துக்கான தாக்குதல் முன்விரோதமாகவும் முதல் தகவல் அறிக்கையில் நுழையும் வழி அந்தக் கட்டம்தான்.

சிறையை நிரப்பிய சட்டம்

கும்பல் கொலை எண்களுக்கு எதிராக வேறோர் எண் முன்வைக்கப்பட்டது. 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டு மக்களில் ஏறத்தாழ 12 விழுக்காடாக இருந்த கறுப்பினத்தவர், சிறையிலிருந்தோரில் ஏறத்தாழ 30 விழுக்காடு. இதுவே அவர்களின் இயல்பான குற்றப்போக்குக்குச் சான்று என்றனர் பலர். காப்பீட்டு நிறுவனமொன்றின் புள்ளியியலாளர் ஃபிரெடரிக் ஹாஃப்மன் 1896இல் அதை ஒரு நூலாகவே எழுதினார். வட மாநிலங்களில் கறுப்பினச் சிறைவாசிகளின் விகிதம் தெற்கைவிட அதிகமாக இருந்தது தெற்கின் அரசியல்வாதிகளுக்கு வாய்ப்பாக அமைந்தது. விடுதலையும் கல்வியும் அவர்களைக் கெடுத்தன, எங்கள் கட்டுப்பாட்டில் ஒழுங்காக இருந்தார்கள் என்று வாதிட்டனர். வடக்கினரோ தெற்கின் காட்டுமிராண்டித்தனத்தைச் சுட்டிக்காட்டித் தம் கைகள் தூய்மையானவை என்று காட்டிக்கொண்டனர். ஒரே எண்ணை இரு பகுதியினரும் தத்தம் கட்சிக்கு ஏற்றவாறு வளைத்தனர்.

1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் கறுப்பினத்தவர் புறக்கணிக்கப்பட்டதைக் கண்டித்து, முதுபெரும் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ், வழக்கறிஞர் ஃபெர்டினாண்ட் பார்னெட் உள்ளிட்டோருடன் சேர்ந்து ஐடா ஒரு வெளியீட்டைக் கொண்டுவந்தார். அதில் தெற்கில் நிலவிய கைதிக் குத்தகை முறையை விளக்கினார். அரசு தன் கைதிகளைச் சுரங்கங்களுக்கும் ரயில்பாதை அமைப்போருக்கும் தோட்டங்களுக்கும் குத்தகைக்கு விட்டு வருவாய் ஈட்டியது. எனவே கைதிகள் தேவைப்பட்டனர். சில்லறைத் திருட்டுக்கும் நீண்ட தண்டனை விதிக்கப்பட்டது. நீதிபதியும் நடுவர் குழுவினரும் காவலரும் வெள்ளையர். சிறைக் கணக்கு மக்களின் ஒழுக்கத்தை அளக்கவில்லை. அரசின் தேவையை அளந்தது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 16.6 விழுக்காடாக உள்ள பட்டியல் சாதியினர், நம் சிறைகளில் அதைவிடக் கூடுதலான பங்கினராக இருப்பதைக் காணும்போது, நாமும் இதே கேள்வியைத்தான் எழுப்ப வேண்டும்.

நண்பர்களோடும் ஒரு வழக்கு

1893, 1894 ஆகிய ஆண்டுகளில் ஐடா இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பயணம் செய்து உரையாற்றினார். அவரை அழைத்தவர்களில் ஒருவர் கேதரின் இம்பி. அவர் நடத்திய இதழின் பெயருக்குச் 'சாதி எதிர்ப்பு' என்பதே பொருள் என்பது நம் கவனத்துக்குரியது. நிறத்தால் மனிதரைத் தாழ்த்தும் முறையைச் சாதி என்ற சொல்லாலேயே அக்காலத்து எதிர்ப்பாளர்கள் பலர் அழைத்தனர்.

அப்பயணத்தில் அவர் மோதியது பகைவரோடு அல்ல, நல்லவர் என்று புகழ்பெற்ற ஒருவரோடு. மதுவிலக்குப் பெண்கள் இயக்கத்தின் தலைவி ஃபிரான்சிஸ் வில்லார்ட், வடக்கைச் சேர்ந்தவர். அடிமை முறையை எதிர்த்த குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் 1890இல் அளித்த ஒரு பேட்டியில், சாராயக் கடையைச் சுற்றிப் பெருகும் கறுப்பினத்தவரால் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்ற தெற்கின் வாதத்தை அப்படியே ஏற்றிருந்தார். தெற்கிலும் தன் இயக்கம் வளர வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. ஐடா அப்பேட்டியை இங்கிலாந்தில் மறுபதிப்புச் செய்யவைத்து, பொதுமேடையில் விளக்கம் கேட்டார். பெரும் எதிர்ப்பு எழுந்தது, அவர் பின்வாங்கவில்லை.

1901இல் சிகாகோவின் சமூகப் பணியாளர் ஜேன் ஆடம்ஸ் கும்பல் கொலையைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். கொல்லப்பட்டவர்கள் குற்றவாளிகள் என்றே ஒரு வாதத்துக்காக வைத்துக்கொண்டாலும் கும்பலின் செயல் தவறு என்பது அதன் போக்கு. ஐடா அவரை மதித்தவர். ஆயினும் அந்த ஒரு பேச்சுக்கான ஒப்புதல்கூட ஆபத்தானது என்று கண்டு, முந்தைய ஐந்தாண்டுகளின் அட்டவணையை வெளியிட்டு மறுப்பு எழுதினார். பாலியல் குற்றச்சாட்டு அதிலும் சிறுபான்மையே. வழக்கின் பொருண்மையை விட்டுக்கொடுத்துவிட்டுச் சட்டப்பிரச்சினையில் மட்டும் வெல்ல முயல்வது தோல்வியின் தொடக்கம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கட்சிகளையும் அவர் நம்பிக் காத்திருக்கவில்லை. தெற்கை ஆண்டது ஜனநாயகக் கட்சி. கறுப்பினத்தவர் தம்முடையதாகக் கருதியது லிங்கனின் குடியரசுக் கட்சி. 1898இல் தென் கரோலினாவில் கறுப்பின அஞ்சல் அதிகாரி ஒருவர் வீட்டோடு எரிக்கப்பட்டுக் கொல்லப்பட்டபோது, ஐடா கைக்குழந்தையோடு வாஷிங்டன் சென்று, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அதிபர் மெக்கின்லியிடம் முறையிட்டார். கொல்லப்பட்டவர் மைய அரசின் ஊழியர். எனவே மாநிலத்தின் மீது பழிபோட்டுத் தப்ப முடியாது என்பது அவருடைய சட்ட வாதம். உறுதிமொழி கிடைத்தது, நீதி கிடைக்கவில்லை.

கெய்ரோ: எண்ணிலிருந்து பொறுப்புக்கு

1895இல் ஃபெர்டினாண்ட் பார்னெட்டை மணந்து சிகாகோவில் குடியேறிய ஐடா, பிள்ளைகளை வளர்த்தபடியே பணியைத் தொடர்ந்தார். அவர் வாழ்வில் சட்டத்துறையினராகிய நாங்கள் மிகவும் மதிக்கும் நிகழ்வு 1909இல் நடந்தது. அது தெற்கில் அல்ல, அவர் வாழ்ந்த வட மாநிலமான இல்லினாயில் நடந்தது.

அம்மாநிலத்தின் தென்கோடியிலுள்ள கெய்ரோ நகரில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத் தொழிலாளி ஒருவரை, மாவட்டக் காவல் தலைவரான ஷெரீஃபின் காவலிலிருந்து ஒரு பெருங்கும்பல் பறித்து, நவம்பர் 11 அன்று ஆயிரக்கணக்கானோர் பார்க்கக் கொன்றது. இல்லினாயில் 1905இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் இருந்தது. அதன்படி, காவலிலிருந்த கைதி கும்பலால் பறித்துக் கொல்லப்பட்டால் ஷெரீஃப் பதவியிழப்பார். தம்மால் இயன்ற அனைத்தையும் செய்ததாக ஆளுநர் முன் அவரே மெய்ப்பித்தால் மட்டுமே பதவி திரும்பக் கிடைக்கும். மெய்ப்பிக்கும் சுமை, கொல்லப்பட்டவரின் குடும்பத்தின் மீதல்ல, அதிகாரியின் மீது.

பதவியை மீட்க ஷெரீஃப் விண்ணப்பித்தார். உள்ளூர்ச் செல்வாக்கினர் அவருக்காக நின்றனர். கறுப்பினத்தவர் சிலருக்கு அவர் வேலை கொடுத்திருந்ததால், அம்மக்களிலும் சிலர் ஆதரவுக் கடிதம் அளித்திருந்தனர். ஐடா முதலில் தயங்கினார். கணவரும் மூத்த மகனும் வற்புறுத்தியபின் புறப்பட்டார். கெய்ரோவில் வீடுவீடாகச் சென்று விசாரித்தார். ஷெரீஃபின் நன்மைகளை எண்ணி அவரை ஆதரித்தால், நாளை இன்னொருவர் இதேபோல் கொல்லப்படுவதற்கு நாமே கையெழுத்திட்டதாகும் என்று மக்களிடம் எடுத்துரைத்தார். பலர் மனம் மாறினர். பின் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில், ஷெரீஃபின் வழக்கறிஞர்களுக்கு எதிரே நின்று, திரட்டிய உண்மைகளை ஆளுநர் டெனீன் முன் வைத்தார். அவர் சட்டம் படித்தவர் அல்லர். ஆளுநர் ஷெரீஃபுக்குப் பதவி தர மறுத்தார்.

சில மாதங்களில், 1910 பிப்ரவரியில், அதே கெய்ரோவில் மற்றொரு கைதியைப் பறிக்க ஒரு கும்பல் வந்தது. புதிய ஷெரீஃபின் ஆட்கள் துப்பாக்கியோடு தடுத்தனர், கைதி காப்பாற்றப்பட்டார். ஊர் மக்களின் உள்ளம் மூன்று மாதத்தில் மாறிவிடவில்லை. கடமை தவறினால் நாற்காலி போகும் என்ற அறிவு மட்டுமே மாறியிருந்தது.

இதே காலத்தில் சிகாகோவில் நடந்த ஒரு விருந்துக் கூட்டத்தில், கறுப்பினத்தவரிடையே குற்ற விகிதம் மிகுதி என்று ஒருவர் புள்ளிவிவரத்தோடு பேசினார். ஐடா அந்த எண்ணை மறுக்கவில்லை. தெற்கிலிருந்து வரும் இளைஞனுக்கு இந்நகரத்தில் விடுதியும் உடற்பயிற்சிக் கூடமும் படிப்பகமும் கதவடைக்கின்றன. சாராயக் கடையும் சூதாட்ட விடுதியும் மட்டுமே திறந்திருக்கின்றன என்று காரணத்தை விளக்கினார். பின்னர் 1910இல் தானே ஒரு சங்கத்தை நிறுவி, படிப்பகமும் தங்குமிடமும் வேலைவாய்ப்பு உதவியும் ஏற்படுத்தினார். 1913 முதல் சில ஆண்டுகள் நீதிமன்றத்தின் நன்னடத்தை அலுவலராகவும் பணியாற்றினார். குற்றத்தின் காரணத்தைப் பற்றிப் பேசுவோர் அதை நீக்கவும் உழைக்க வேண்டும் என்பது அவர் வாழ்ந்து காட்டிய நெறி.

இறுதி ஆண்டுகள்

1919இல் ஆர்கன்சா மாநிலத்தின் எலைன் பகுதியில், பருத்திக்கு நியாய விலை கேட்டுச் சங்கம் அமைத்த கறுப்பினக் குத்தகை விவசாயிகள் மீது பெரும் படுகொலை நிகழ்த்தப்பட்டது. அரசு அதைக் கறுப்பினத்தவரின் கலகம் என்று பெயரிட்டு, 12 பேருக்கு மரண தண்டனை விதித்தது. கூலி உயர்வு கேட்டதன் பின்னணியில் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்ததையும், பின்னர் உயர் நீதிமன்றத்தில் நிலக்கிழார்கள் விடுதலையானதையும் அறிந்தவர்களுக்கு எலைன் அந்நிய ஊர் அல்ல. தெற்கில் கால்வைத்தால் உயிருக்கு ஆபத்து என்றிருந்த ஐடா, கைதிகளின் உறவினர்களோடு ஓர் உறவினர் போலச் சிறைக்குள் சென்று, அவர்கள் வாய்மொழியைப் பதிவுசெய்தார். 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கும்பலின் ஆதிக்கத்தில் நடந்த விசாரணை விசாரணையே ஆகாது என்ற கருத்தின்படி அவ்வழக்கில் தலையிட்டது. இறுதியில் 12 பேரும் உயிர் பிழைத்து விடுதலையாயினர்.

1930இல் இல்லினாய் மேலவைத் தேர்தலில் நின்று தோற்றார். 1931 மார்ச் 25 அன்று சிகாகோவில் காலமானார். அவர் எழுதிய தன்வரலாற்றை மகள் ஆல்ஃபிரடா பதிப்பித்து 1970இல் வெளிக்கொண்டுவந்தார். கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக்கும் மைய அரசின் சட்டம் அமெரிக்காவில் 2022இல்தான் வந்தது.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

எந்தப் பகுதி மோசம் என்ற போட்டியில் ஐடா எந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்லவில்லை. தெற்கின் பொய்யை எண்களால் உடைத்த அவர், தன் வட மாநிலத்தில் கொலை நடந்தபோது அதே கடுமையோடு நின்றார். எண்களிலிருந்து அவர் தேடியது, கடமை தவறிய அதிகாரியின் பெயரை.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிவதும், அதன் நகலை அளிப்பதும், 60 நாள்களுக்குள் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதும் கடமைகள் என 2016 முதல் நடைமுறையிலுள்ள திருத்தம் பட்டியலிடுகிறது. ஆனால் இல்லினாய் சட்டத்துக்கும் நம் சட்டத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே அதிகாரி தானே பதவியிழந்து, பிறகு தன்னை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இங்கே துறைசார்ந்த விசாரணையின் பரிந்துரை வந்தால்தான் அதிகாரி மீது குற்றச்சாட்டே பதிவாகும். காவலரைக் குறித்துக் காவல் துறையே பரிந்துரைக்கும்வரை பாதிக்கப்பட்டவர் காத்திருக்க வேண்டும். இந்தச் சுமை இடம் மாற வேண்டும் என்று கோருகிறோம்.

சட்டத்தின் விதிகளின்படி முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இருமுறையும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். அடுத்த அறிக்கை வெளியாகி, கட்சிகள் மீண்டும் மாநிலங்களை ஒப்பிடத் தொடங்கும்போது, நாம் அந்த வாதத்தில் பக்கம் சேர வேண்டியதில்லை. எந்த ஆட்சியாயினும் நான்கு கேள்விகளைக் கேட்போம். உங்கள் மாவட்டத்தில் எத்தனை புகார்கள் வழக்காகாமல் திருப்பப்பட்டன? எத்தனை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் மீதே எதிர்வழக்குப் பதிவானது? கண்காணிப்புக் குழு எத்தனை முறை கூடியது? 4ஆம் பிரிவின்கீழ் எத்தனை அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுத்தீர்கள்?

ஒவ்வொரு ஊரிலும் புகாரின் நாள், அளித்த நிலையம், கிடைத்த பதில், பணியிலிருந்த அதிகாரியின் பெயர் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கத் தொடங்குவோம். ஐடா பி. வெல்ஸ் தொடங்கியதும் அப்படி ஒரு பதிவேட்டில்தான்.